பன்னிரண்டாம் எண் அறைக்கு ஆட்சேபணை இல்லை

என் வண்டு சித்தி பகலில் தண்ணீர் குடிப்பதில்லை.

ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, இரண்டு பைகளோடு அவள் வீட்டு வாசலில் போய் நின்ற முதல் வாரத்தில்தான் அதைக் கவனித்தேன். சின்ன வயதில் அதே வீட்டில் எத்தனையோ விடுமுறைகளைக் கழித்திருக்கிறேன். அப்போதெல்லாம் கண்ணில் படவில்லை. காலை ஏழு மணிக்கு ஒரு டீ. எட்டு மணிக்கு அரை டம்ளர் தண்ணீர். அதோடு சரி. மத்தியானச் சாப்பாட்டின்போது பக்கத்தில் டம்ளர் இருக்கும், நிறையத் தண்ணீரும் இருக்கும். எழுந்திருக்கும்போது நாக்கை நனைக்கிற அளவு ஒரு மடக்கு. சாயங்காலம் ஆறு மணி ஆனதும் சமையலறையில் நின்றபடியே ஒரு சொம்பு முழுவதையும் வாயில் கவிழ்த்துக்கொள்வாள்.

"என்ன சித்தி, பகல்ல தண்ணி மேல ஏதாவது கோவமா?"

"பழக்கம்டி."

நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த சித்தப்பா நிமிராமலே சொன்னார். "அவ ஒட்டகக் கூட்டத்து ஆளு. உனக்குத் தெரியாதா?"

சித்தப்பா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். சித்தி பல்கலைக்கழகத்தில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். தானியத்தைத் துளைக்கிற வண்டுகளைப் பற்றி ஆராய்ந்து, அந்தத் துறையில் முனைவர் பட்டம் வாங்கிய முதல் பெண். சொந்தக்காரர்கள் அந்தக் காலத்தில், "பொண்ணைப் படிக்க அனுப்பினா பூச்சி பொறுக்கிட்டு வர்றா" என்று சிரித்து வைத்த பெயர்தான் வண்டு. அவள் அதைப் பட்டத்தைவிடப் பெருமையாக வைத்துக்கொண்டாள். "உன் சித்தப்பாகூட இருந்ததைவிட வண்டுங்களோடதான் அதிக நாள் குடித்தனம் நடத்தியிருக்கேன்" என்பாள். சித்தப்பாவும் விட மாட்டார். "அதுங்க எதிர்த்துப் பேசாது, அதான்."

ஒட்டகக் கூட்டம் என்றால் என்ன என்று நான் விடாமல் கேட்டதில் கதை வெளியே வந்தது.

நாற்பது வருடத்துக்கு முன்னால் அந்த அறிவியல் கட்டடத்தில் நான்கு மாடிகள். ஒவ்வொரு மாடியிலும் படிக்கட்டு முடிகிற இடத்தில் ஒரு கழிப்பறை. நான்கும் ஆண்களுக்கு. "கஞ்சத்தனத்துல விட்டதில்லடி. இந்தப் பக்கம் பொம்பளை வருவான்னு கட்டினவங்களுக்குத் தோணவே இல்ல" என்றாள் சித்தி. பெண்களுக்கான கழிப்பறை இலக்கியத் துறைக் கட்டடத்தில் இருந்தது. நடுவில் விளையாட்டு மைதானம். அதைக் கடக்கும்போது பந்து விளையாடுகிறவர்கள் விளையாட்டை நிறுத்திவிட்டு விசிலடிப்பார்கள். போய்வர பதினான்கு நிமிடம். நிறுத்துக் கடிகாரத்தை வைத்து அளந்திருக்கிறாள்.

"வண்டு முட்டை போடுற நாள்ல மணிக்கொரு தடவை எண்ணணும். ஒரு சுற்று எண்ணி முடிக்க அம்பது நிமிஷம். மிச்சம் பத்து நிமிஷம். போய்வர பதினாலு. கணக்கு ஒத்து வரல. தண்ணியை நிறுத்திட்டோம்."

இவ்வளவுதான். காய் விலை ஏறியதால் காய் வாங்குவதை நிறுத்திவிட்டோம் என்கிற மாதிரி சொன்னாள்.

அந்தக் கட்டடத்தில் அப்போது ஆராய்ச்சி செய்த பெண்கள் ஐந்து பேர். ஐந்து பேரும் ஒட்டகங்கள். புதிதாக ஒருத்தி சேர்ந்தால் நுண்ணோக்கியைக் காட்டுவதற்கு முன்னால் மூத்தவள் ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய்ப் பாடம் எடுப்பாளாம்: எட்டு மணிக்கு மேல் தண்ணீர் தொடாதே, உப்பைக் குறை, இரண்டாவது டீ யார் வாங்கிக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல், தர்பூசணி விற்கிற தெருப் பக்கமே போகாதே.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு வருடத்தில் எந்த ஊரில் போய் இறங்கினாலும் நான் முதலில் கேட்டது கழிப்பறை எங்கே என்றுதான். அதற்காகவே சில ஊர்களை வெறுத்திருக்கிறேன். என் சித்தி இருபத்திரண்டு வயதில் ஆரம்பித்து அதே கட்டடத்தில் இத்தனை வருடம் இதைச் செய்திருக்கிறாள். நான் அவளிடம் அவள் வண்டுகளைப் பற்றிக்கூட ஒழுங்காக ஒரு கேள்வி கேட்டதில்லை.

"நானும்தான் முப்பது வருஷம் வண்டி ஓட்டினேன்" என்றார் சித்தப்பா. "முடியலன்னா ஓரமா நிறுத்திட்டு மரத்தடிக்குப் போயிடுவேன். பாவம், இவளுக்கு மரம்கூட இல்ல."

மறு வெள்ளிக்கிழமை துறையில் ஒரு விழா இருந்தது. சித்தி முப்பது வருடத்துக்கு மேல் ஆராய்ச்சி செய்த பன்னிரண்டாம் எண் அறைக்கு அவள் பெயரை வைக்கப்போகிறார்கள். பித்தளைப் பலகை செய்தாகிவிட்டது. இப்போதைய துறைத்தலைவர் அவளிடம் படித்தவர். தினமும் போன் செய்து ஏதாவது கேட்டுக்கொண்டிருந்தார். சித்தியும் சின்னப் பெண் மாதிரி இருந்தாள். பேச வேண்டியதைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அறையின் சுவர் ஒன்றரை அடி கனம், ஜன்னல் கிடையாது, வடக்குப் பக்கம், கோடையிலும் சூடு ஏறாது, வண்டு வளர்க்க அதைவிட நல்ல இடம் உலகத்திலேயே இல்லை என்று முதல் பக்கம் முழுவதும் அறையின் புகழ்தான்.

திங்கட்கிழமை மத்தியானம் துறைத்தலைவர் அவள் போனுக்கு ஒரு படம் அனுப்பினார். பழைய கோப்பிலிருந்து கிடைத்ததாம். பெரிதாக்கிச் சட்டம் போட்டு, பெயர்ப் பலகைக்குப் பக்கத்தில் மாட்டப்போகிறாராம். சித்தி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணாடி உள்ள இருக்கு, நீயே படி" என்றாள்.

தட்டச்சு செய்த கடிதம். நான் சத்தமாகப் படித்தேன்.

"தரைத்தளத்தில் மகளிர் கழிப்பறைக்கென ஒதுக்கப்பட்டுள்ள பன்னிரண்டாம் எண் அறையை, சீர்வெப்பப் பரிசோதனை அறையாக மாற்றிக்கொள்வதில், இக்கட்டடத்தின் பெண் ஆராய்ச்சியாளர்கள் சார்பில் ஆட்சேபணை இல்லை எனத் தெரிவித்துக்கொள்கிறேன்."

கீழே கையெழுத்து. என் பள்ளிக்கூட நோட்டுகளில் 'நன்று' என்று போட்ட அதே கையெழுத்து.

படத்துக்கு அடியில் துறைத்தலைவர் எழுதியிருந்தார்: 'அறிவியலுக்காக நீங்கள் செய்த தியாகம், மேடம். இன்றைய பெண்கள் இதைப் பார்க்க வேண்டும்.'

சித்தியின் கையில் பாதி மடித்த தலையணை உறை இருந்தது. அது அப்படியே நின்றது.

"சித்தி, இது என்ன?"

அவள் உறையைக் கீழே வைத்தாள்.

"கழிப்பறை கொடுத்தாங்களா? கொடுத்து, நீ வேணாம்னு எழுதிக் கொடுத்தியா?"

சித்தப்பா பேப்பரைக் கீழே வைத்துவிட்டார். அவருக்கும் தெரியாது என்பது அவர் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது.

"நெட்டை வாங்கினது அது" என்றாள் சித்தி கடைசியில்.

நெட்டை ஐந்து ஒட்டகங்களில் ஒருத்தி. சித்தியின் நெருங்கிய தோழி. குளத்து நத்தைகளைப் பற்றி ஆராய்ந்தவள், ஆண்களைவிட அரை அடி உயரம், யாருக்கும் பயப்படாத வாய். வேறு ஊரில் இருக்கிறாள். மாதம் ஒருமுறை இருவரும் போனில் பேசிச் சிரிப்பதைச் சின்ன வயதிலிருந்தே நான் கேட்டிருக்கிறேன். கழிப்பறை வேண்டும் என்று மனு எழுதியது அவள்தான். அப்போதைய துறைத்தலைவரின் அறைக்குப் பதினொரு முறை நடந்தாள். 'இக்கட்டடத்தில் பெண்கள் பயன்படுத்தத்தக்க கழிப்பறை இல்லை என்பது ஏற்கப்படுகிறது' என்று பதில் வாங்கி, பன்னிரண்டாம் எண் அறையை ஒதுக்க வைத்தாள். குழாய் வந்துவிட்டது. கழிப்பறைப் பீங்கான் வந்து வராந்தாவில் சாக்குப் போட்டு மூடிக் கிடந்தது.

"அந்த நேரத்துல எனக்கு ரெண்டாவது தடவையும் வண்டு எல்லாம் செத்துப்போச்சு. வராந்தா மூலையில வெச்சிருந்தேன். பகல்ல சூடு, ராத்திரி குளிர். ஒன்றரை வருஷ வேலை. பெரியவர் என்னைக் கூப்பிட்டார்."

பெரியவர் என்றால் அப்போதைய துறைத்தலைவர்.

"கட்டடத்துல சூடு ஏறாத ரூம் அது ஒண்ணுதான். பொம்பளைங்க சார்பா ஒரு கையெழுத்து போட்டுக் கொடுத்துட்டா நாளைக்கே எடுத்துக்கலாம்னார். யோசிச்சுச் சொல்லுன்னார்."

"எவ்ளோ நேரம் யோசிச்ச?"

"பேனா மூடியைத் திறக்கிற நேரம்."

"மத்த நாலு பேர்கிட்ட கேட்டியா?"

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்பாங்களே."

சித்தப்பா மெதுவாகக் கேட்டார். "நெட்டைக்குத் தெரியுமா?"

"ஆபீஸ்காரங்க ஏமாத்திட்டாங்கன்னு நெனச்சா. சண்டைக்குப் போனா. நானும்தான் கூடப் போனேன்."

"கூடப் போயி?"

"அநியாயம்னு சொன்னேன்."

இதைச் சொல்லும்போது அவள் யாரையும் பார்க்கவில்லை. தலையணை உறையை எடுத்து நான்காக மடித்து, எட்டாக மடித்து, மேலும் மடிக்க முடியாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

மிச்சத்தைத் துண்டு துண்டாகச் சொன்னாள். அந்த வருடக் கோடையில் நெட்டைக்குக் காய்ச்சல் வந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாள், தண்ணீரை இன்னும் குறைத்தாள். ஒரு நாள் நத்தைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே விழுந்துவிட்டாள். சிறுநீரகத்தில் சீழ். ஆஸ்பத்திரியில் நாற்பது நாள். ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிட்டார்கள். அவள் அப்பா வந்து, பொண்ணுங்க உடம்புக்கு இந்தப் படிப்பு ஒத்துவராது என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார். அவளுடைய நத்தை நோட்டுகள் வேறொரு மாணவனுக்குப் போயின. அவன் அதை முடித்துப் பட்டம் வாங்கினான். நெட்டை இன்றுவரை வீட்டில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள்.

"அதுக்கப்புறம் எப்போ கட்டினாங்க?" என்றேன்.

"பதினெட்டு வருஷம் கழிச்சு. மூணாவது மாடியில ஒண்ணு."

சித்தி அந்த உறையைத் துணிக் குவியலின்மேல் வைத்தாள். பிறகு, "சேர்க்கைப் பதிவேட்டைப் பாத்து ஒரு தடவை எண்ணினேன். அந்தப் பதினெட்டு வருஷத்துல அந்தக் கட்டடத்துல படிச்ச பொண்ணுங்க நானூத்திப் பன்னெண்டு பேர்" என்றாள்.

சித்தப்பா எழுந்து உள்ளே போனார். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "முப்பத்தஞ்சு வருஷமா ஒரே வீட்டுல இருக்கோம்" என்று மட்டும் கேட்டது.

அன்று சாயங்காலம் சித்தி நெட்டைக்குப் போன் செய்தாள். போனை மேஜைமேல் வைத்து ஒலிபெருக்கியைப் போடச் சொன்னாள். நான் வெளியே போகிறேன் என்றதற்கு, "இரு. நான் பாதியில வெச்சுட்டா நீதான் என்னைத் திட்டணும்" என்றாள்.

"என்னடி வண்டு!" நெட்டையின் குரல் அறையை நிரப்பியது. "ரிப்பன் வெட்டப் போறியாமே? கதவுல பேரு, உள்ள பூச்சி. எனக்கு ஒரு நத்தைக் கூடாவது வெக்கச் சொல்லுடி அந்தப் படுபாவிங்ககிட்ட!"

"நெட்டை, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு, டியூஷன் பசங்க வர இன்னும் கால் மணி நேரம் இருக்கு."

சித்தி சொன்னாள். எதையும் குறைக்கவில்லை. பெரியவர் கேட்டது, பேனா மூடி, சண்டைக்குக் கூடப் போய் நின்றது. ஒன்றன்பின் ஒன்றாக, பரிசோதனை அறிக்கை வாசிக்கிற மாதிரி. அழுதிருந்தால் கேட்கிறவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இணைப்பு போய்விட்டதோ என்று நான் திரையைப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. எங்கோ ஒரு குக்கர் விசிலடித்தது.

"சரி" என்றாள் நெட்டை. "அடுப்புல பால் இருக்கு." வைத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை சித்தி மூன்று முறை கூப்பிட்டாள். எடுக்கவில்லை. புதன்கிழமையும் இல்லை. புதன்கிழமை ராத்திரி சாப்பிடும்போது, "அந்தக் கதவுல என் பேரு வரக்கூடாது" என்றாள். "அந்த ரூமை எதுக்கு ஒதுக்கினாங்களோ அதுக்கே திருப்பிக் கொடுக்கச் சொல்றேன்."

வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம்.

தரைத்தளத்து வராந்தாவில் பிளீச்சிங் பவுடர் வாசமும் ஸ்பிரிட் வாசமும் கலந்திருந்தன. பன்னிரண்டாம் எண் அறைக் கதவில் பலகை மாட்டத் துளை போட்டு வைத்திருந்தார்கள். உள்ளே ஒரு பெண் இருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். கொண்டையில் பென்சில் செருகியிருந்தாள். அலமாரி முழுக்கப் பஞ்சு அடைத்த கண்ணாடிக் குழாய்கள், அவற்றுக்குள் பழ ஈக்கள்.

சித்தியைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு எழுந்து நின்றாள். "மேடம்! உங்க ரூம்லதான் மேடம் என் ஈங்க எல்லாம் உயிரோட இருக்கு. வேற எங்க வெச்சாலும் செத்துடும்."

சித்தி சுவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எத்தனாவது தலைமுறை?"

"முப்பத்தொண்ணு மேடம். நாப்பது வந்தா எழுத ஆரம்பிச்சுடலாம்."

"இந்த ரூமைப் பொண்ணுங்களுக்குக் கழிப்பறையா மாத்தச் சொல்லலாம்னு வந்திருக்கேன்மா."

அந்தப் பெண்ணின் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியாது. வீட்டை இடிக்க வந்தவர்களைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"ஐயோ, வேணாம் மேடம். ரெண்டு வருஷ வேலை போயிடும். கழிப்பறைதான் மூணாவது மாடியில இருக்கே."

"அது எப்படி இருக்கு?"

"பதினோரு மணி வரைக்கும் தண்ணி வரும். தாழ்ப்பாள் கிடையாது, ஒருத்தி வெளிய நின்னு கதவைப் பிடிச்சுக்கணும். நூத்தி நாப்பது பேருக்கு ஒண்ணு, வரிசையில நின்னா அரை மணி நேரம் போயிடும். நான் இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை ஈயைப் பாக்கணும். அதனால போறதில்ல." அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள். "அது ஒண்ணும் பிரச்சனை இல்ல மேடம். பழகிடுச்சு."

"இன்னைக்குத் தண்ணி எப்போ குடிச்சே?"

"எட்டு மணிக்கு."

அப்போது மணி இரண்டரை.

"யார் சொல்லிக் கொடுத்தா, எட்டு மணி?"

"சீனியர் அக்கா. சேர்ந்த அன்னைக்கே சொல்லிட்டாங்க. எட்டு மணிக்கு மேல தண்ணி தொடாதே, உப்பு கம்மி பண்ணு..." அவள் சிரித்தாள். "தர்பூசணி மட்டும் வேண்டவே வேண்டாம்னாங்க."

சித்தி பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஒட்டகங்களின் பாடம் ஒரு வார்த்தை பிசகாமல் நாற்பது வருடம் கை மாறி வந்திருக்கிறது. அந்தத் துறையில் வேறு எந்தப் பாடமும் இத்தனை வருடம் மாறாமல் இருந்திருக்காது.

துறைத்தலைவர் எங்களை வாய் நிறைய வரவேற்றார். டீ வந்தது. சித்தி தொடவில்லை. சட்டம் போட்ட கடிதம் அவர் மேஜைமேல் சாய்ந்து நின்றது.

"இதை மாட்டக்கூடாதுப்பா" என்றாள் சித்தி.

"என்ன மேடம் இப்படிச் சொல்றீங்க! இது எவ்வளவு பெரிய தியாகம்!"

"யாரோட தியாகம்? என்னோடதை நான் கொடுத்தா தியாகம். அடுத்தவளோடதை எடுத்துக் கொடுத்ததுக்கு வேற பேரு. அவ ஒரு சிறுநீரகத்தோட உக்காந்து டியூஷன் எடுக்கிறா."

அவர் நெளிந்தார். விழாவுக்குத் துணைவேந்தர் வருவதாகவும், அழைப்பிதழ் போய்விட்டதாகவும் சொன்னார். சித்தி அசையவில்லை. பேச்சு எங்கும் நகராமல் நின்றது. அவர் எழுந்து, "ஒரு நிமிஷம் மேடம்" என்று சொல்லிவிட்டு, கோப்பு அலமாரிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கதவைத் திறந்து உள்ளே போனார்.

கதவு மூடியது. கொஞ்ச நேரத்தில் தொட்டி காலியாகிற சத்தம். பிறகு குழாய்ச் சத்தம். அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

சித்தி அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எப்போ கட்டினது?"

"எது மேடம்?"

"இது. இந்தக் கதவுக்குப் பின்னாடி."

"இதுவா? கட்டடம் கட்டினப்பவே கட்டினதுதான் மேடம். துறைத்தலைவர் ரூமோட சேர்ந்தது. பெரியவர் காலத்துலேருந்து இருக்கே."

"நான் இந்த ரூமுக்கு எத்தனை தடவை வந்திருப்பேன்" என்றாள் சித்தி என்னிடம். எனக்குச் சொல்கிற மாதிரி இல்லை. "இதே மேஜை. இதே பக்கம் உக்காந்துதான் கையெழுத்துப் போட்டேன். எதிர்ல இந்தக் கதவுதான். உள்ள பழைய ஃபைல் இருக்குன்னு நெனச்சேன்."

"நீ துறைத்தலைவரா இருந்ததில்லையா சித்தி?"

"பொம்பளைங்களை எங்கடி ஆக்கினாங்க."

எழுந்து அந்தக் கதவருகே போனாள். திரும்பி, பன்னிரண்டாம் எண் அறை வாசல் வரைக்கும் அடி மேல் அடி வைத்து நடந்தாள். நானும் துறைத்தலைவரும் பின்னாலேயே போனோம். ஈக்காரப் பெண் கதவைத் திறந்து பயத்தோடு எட்டிப் பார்த்தாள்.

"இருபத்திரெண்டு அடி" என்றாள் சித்தி. "பதினாலு நிமிஷம்னு அளந்தோமே. அஞ்சு பேரு, அத்தனை கருவி, அத்தனை கடிகாரம். இதை ஒருத்தியும் அளக்கல."

துறைத்தலைவர் உண்மையிலேயே வருத்தப்பட்டுத்தான் சொன்னார். "கேட்டிருந்தா நான் கொடுத்திருக்க மாட்டேனா மேடம்? இதுவரைக்கும் யாரும் கேக்கவே இல்லையே."

"கேக்கணும்னா அங்க ஒரு கதவு இருக்குன்னு தெரியணும்ப்பா. இப்போ கேக்கறேன். சாவியைக் கொடு."

அவர் சிரித்தார். சித்தி சிரிக்கவில்லை. கையை நீட்டியபடி நின்றாள். அவரை இரண்டாம் வருடச் செய்முறைத் தேர்வில் ஃபெயில் போட்டவள் அவள் என்று பிறகு சொன்னாள். அந்த நினைவு அவருக்கு வந்திருக்க வேண்டும். சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

"பலகையை எங்கயாவது மாட்டியே ஆகணும்னா உன் ரூம்ல இருக்கிற அந்தக் கழிப்பறைக் கதவுல மாட்டு" என்றாள். "பன்னெண்டாம் நம்பர் ரூம் இந்தப் பொண்ணோட நாப்பதாவது தலைமுறை வரைக்கும் அவளுக்கு. அதுக்கப்புறம் கழிப்பறை. அதை எழுதி, நீ கையெழுத்துப் போடு. என் கையெழுத்து வேண்டாம்."

எல்லோரும் அவர் அறைக்குத் திரும்பினோம்; அவர் எழுதினார். முத்திரையும் வைத்தார். சித்தி சட்டம் போட்ட தன் கடிதத்தைத் தூக்கிக்கொண்டாள். பிறகு அந்தப் பெண்ணிடம் சாவியை நீட்டி, "போ" என்றாள்.

"சார் ரூமுக்குள்ள எப்படி மேடம்..."

"சார் கொஞ்ச நேரம் வராந்தாவுல நிப்பார்."

நின்றார். அந்தப் பெண் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நாங்கள் மூவரும் வெளியே நின்றோம். யாரும் யாரையும் பார்க்கவில்லை. செய்முறை வகுப்பிலிருந்து வெள்ளைக் கோட்டு போட்ட இரண்டு பெண்கள் வந்து, துறைத்தலைவர் தன் அறைக்கு வெளியே நிற்பதைப் பார்த்துத் தயங்கி, என்னவென்று என்னிடம் கேட்டார்கள். சொன்னேன். அவர்களும் நின்றுவிட்டார்கள். நாங்கள் கிளம்பும்போது வரிசையில் ஒன்பது பேர் இருந்தார்கள்.

பஸ்ஸில் சித்தி சட்டத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நல்ல காரியம் ஒன்று நடந்ததாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். "ஜெயிச்சுட்டே சித்தி" என்றேன்.

"பைத்தியமாடி நீ?" என்றாள். "இத்தனை நாளா என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன் தெரியுமா? கட்டடத்துல இருந்தது ஒரு இடம். வண்டா, அவளான்னு வந்துச்சு. வண்டுன்னு சொல்லிட்டேன். பாவிதான், ஆனா வேற வழியில்லாம பண்ண பாவம்னு. வழி இருந்திருக்கே! என் வண்டும் பொழைச்சிருக்கும், அவளும் முழுசா இருந்திருப்பா. இதை நான் அவகிட்ட எப்படிச் சொல்வேன்?"

இரண்டு நிறுத்தம் தாண்டியதும் அவள் போனை எடுத்து, நெட்டையைக் கூப்பிட்டு, ஒலிபெருக்கியை அழுத்தி எனக்கும் அவளுக்கும் நடுவில் பிடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இந்த முறையும் எடுக்க மாட்டாள் என்று நான் நினைத்த நேரத்தில் எடுத்தாள்.

"சொல்லு." நெட்டையின் குரலில் சிரிப்பு இல்லை.

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"என்னன்னு சொல்லு. மன்னிப்புன்னா இன்னைக்கு வேண்டாம். என்கிட்ட இல்ல."

"மன்னிப்பு இல்ல. ஒண்ணு கேக்கணும். பெரியவர் ரூம்ல, மேஜைக்கு எதிர்ல, அலமாரிக்குப் பக்கத்துல ஒரு கதவு இருக்குமே. ஞாபகம் இருக்கா?"

"இல்லாம? பதினொரு தடவை அந்த மேஜை முன்னாடி நின்னு கத்திட்டு வந்திருக்கேன்." நெட்டை கொஞ்சம் யோசித்தாள். "பழைய ஃபைல் போட்டு வெக்கிற ரூம்தானே? அதுக்கு என்ன இப்போ?"